சாவடி முதல் அறிவு மையம் வரை: புதுவை ஊர்ப்புறங்களில் அரசுச் செய்தி சென்ற வழி

சாவடி என்னும் சொல்

தமிழகத்திலும் புதுவையிலும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நின்று பழைய வாழ்க்கை முறையைக் காட்டும் சொற்களுள் 'சாவடி' என்பதும் ஒன்று. புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பிள்ளைச்சாவடி என்னும் மீனவர் ஊர் உள்ளது. நகரையொட்டித் தட்டாஞ்சாவடி உள்ளது. தெற்கே கடலூர் செல்லும் வழியில் ரெட்டிச்சாவடி உள்ளது. வழிப்போக்கர் தங்கும் இடம், சுங்கம் வாங்கும் இடம், ஊர்ப் பொதுக் காரியங்களைப் பேசி முடிக்கும் இடம் என இச்சொல்லுக்குப் பல பொருள் உண்டு. இம்மூன்று பொருளுக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியும் ஊருக்குள் இருக்கும் மக்களும் எதிர்ப்படும் இடமே சாவடி. அரசின் ஆணை ஊருக்குள் நுழைந்ததும் அதன் வழியே. ஊரின் குறை அரசுக்குச் சென்றதும் அதன் வழியே.

குடிமக்கள் எளிதில் சென்று காணத்தக்கவனாக மன்னன் இருத்தல் வேண்டும் என்பது திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வலியுறுத்தும் கருத்து. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியைத் தமிழர் இன்றும் பெருமையோடு பேசுகின்றனர். அப்பெருமையில் ஐயமில்லை. ஆயினும் அம்மணி இருந்த இடம் அரண்மனை வாயில். முறை வேண்டிய பசு அதுவரை நடந்துதான் செல்ல வேண்டியிருந்தது. மணி ஊர்தோறும் இருந்திருப்பின் எவ்வாறு இருந்திருக்கும் என்பது வேறு வினா. அவ்வினாவுக்குப் புதுவை வட்டாரம் தன் வரலாற்றின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. அவற்றை முறைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாகூர்ச் செப்பேடு காட்டும் நெறி

புதுவையின் தென்பகுதியில் உள்ள பாகூர் கல்வெட்டறிஞர் நன்கறிந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அங்கிருந்த வித்தியாதானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அக்கொடையைக் கூறும் செப்பேட்டில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உள்ளன. மன்னர் குலத்தின் புகழைக் கூறுவது வடமொழிப் பகுதி. நிலத்தின் எல்லை, நீங்கிய வரிகள், நாட்டார் செய்ய வேண்டியவை ஆகியவற்றைக் கூறுவது தமிழ்ப் பகுதி.

இப்பகுப்பு கருதத்தக்கது. பெருமை பேசுமிடத்தில் மன்னன் எம்மொழியையும் கையாளலாம்; உழவனின் வயலைப் பற்றிய செய்தி உழவனின் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்னும் தெளிவு அன்றைய ஆட்சியாளரிடம் இருந்தது. மன்னனின் திருமுகம் வந்தபோது நாட்டார் அதனைக் கண்டு, தொழுது, தலைமேல் வைத்துப் பின் எல்லை நடந்து காட்டினர் என்பது பல்லவர், சோழர் செப்பேடுகளில் காணும் மரபு. ஆணை ஓலையோடு நிற்கவில்லை. கால்களால் அளக்கப்பட்டு, ஊரார் கண்முன் நிலத்தின்மேல் நிறுவப்பட்டது. அரசு சொன்னது என்ன என்பதை நாட்டார் தம் கண்ணாலேயே அறிந்தனர்.

இக்காட்சியை மிகைப்படுத்துதல் கூடாது. நாட்டார் என்போர் நிலவுடைமையாளரே. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தோர்க்கும் மகளிர்க்கும் அவ்வவையில் குரல் இருந்ததாகச் செப்பேடுகள் கூறவில்லை. செய்தி ஊரை அடைந்தது. ஊரில் இருந்த எல்லாரையும் அடைந்ததா என்பது வேறு. இவ்வேறுபாடு பின்வந்த காலங்களுக்கும் பொருந்தும்.

துபாசியும் மேரியும்

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அரசின் மொழி கடல் கடந்து வந்த மொழியாயிற்று. இரு மொழி அறிந்து இடைநின்றவர் துபாசி எனப்பட்டார். அவருள் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736ஆம் ஆண்டு தொடங்கி அவர் எழுதிய நாட்குறிப்பு, ஆளுநர் மாளிகையில் முடிவான செய்தி தமுக்கு ஒலியாகத் தெருவை அடைந்த வகையையும் நமக்குக் காட்டுகிறது. ஆளுநரின் சொல்லைக் குடிகளுக்கும் குடிகளின் சொல்லை ஆளுநருக்கும் எடுத்துரைத்த துபாசி, அறிவால் மட்டுமன்றி அவ்விடைநிலையாலும் செல்வாக்குப் பெற்றார். எதைச் சொல்வது, எதை விடுப்பது, எப்போது சொல்வது என்பன அவர் கையில் இருந்தன. மொழி தெரியாத குடிமகன் அரசை அணுகத் தெரிந்தவரை முதலில் அணுக வேண்டியிருந்தது.

1880ஆம் ஆண்டு இவ்வாட்சியில் ஒரு திருப்பம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் பிறந்த ஆணையால் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் 'கொம்யூன்' என்னும் நகராட்சி அமைப்புகள் ஏற்பட்டன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்னும் ஊர்கள் கொம்யூன்களின் தலையிடங்களாயின. 'மேர்' என்னும் தலைவரும் 'மேரி' என்னும் அலுவலகமும் தோன்றின. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் குடிமைப் பதிவேடுகள் அங்கு வைக்கப்பட்டன. கொம்யூன் என்னும் சொல் புதுவையில் இன்றும் வழக்கில் உள்ளது. 'வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து' என்பதில் பிரெஞ்சுச் சொல்லும் இந்தியச் சொல்லும் அருகருகே நிற்கின்றன.

அரசு அலுவலகம் ஊருக்கு அருகே வந்தது. ஆனால் பதிவேட்டின் மொழி பிரெஞ்சாகவே இருந்தது. வில்லியனூரில் பிறந்த குழந்தையின் பெயர் வில்லியனூரிலேயே எழுதப்பட்டாலும், எழுதப்பட்டதைப் பெற்றோரால் படிக்க இயலவில்லை. ஒலிபெயர்ப்பில் பெயர்கள் உருமாறின. பாட்டனார் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவகையாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவகையாகவும் நின்றால் பேரன் அலைய வேண்டியதாயிற்று. அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடையே இருந்த தொலைவு குறைந்தது; ஆவணத்திற்கும் அறிவிற்கும் இடையே இருந்த தொலைவு குறையவில்லை. அரசை அருகில் கொண்டுவருதல் என்பது கட்டடத்தை அருகில் கட்டுதல் மட்டும் அன்று என்பதற்கு இதுவே சான்று.

கீழூரும் அதன் பின்னும்

1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவருள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி நடைமுறையில் கைமாறியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றது. பேரரசொன்றின் ஆட்சி முடிவதற்கான வாக்கெடுப்பு ஆளுநர் மாளிகையில் அன்றி ஒரு சிற்றூரில் நடந்தது என்பது புதுவை ஊர்ப்புறத்திற்கு உரிய பெருமையாகும். 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் அரசு அலுவலகத்தில் இடம் பெற்றது.

விடுதலைக்குப் பின் வேளாண்மை விரிவாக்கமும் வானொலியும் ஊரை நாடின. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலி உழவர் நிகழ்ச்சியின் வழியே பரவியதால் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. தகவல் தக்க நேரத்தில் தாய்மொழியில் சென்றால் உழவர் தயங்குவதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. எனினும் வானொலி பேசும். கேட்பவரின் வினாவுக்கு அங்கேயே விடை தராது. விடை தரவேண்டிய உள்ளாட்சியோ புதுவையில் நீண்ட காலம் தேர்தல் இன்றியே இருந்தது. 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் 1973இல் வந்தது. ஆயினும் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006ஆம் ஆண்டில்தான் நடந்தது. 38 ஆண்டுகள் இடைவெளி. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது. அக்காலம் முழுதும் தெருவிளக்கு முதல் முதியோர் உதவித்தொகை வரை எதற்கும் அலுவலரையே நாட வேண்டியிருந்தது.

வில்லியனூரை நடுவாகக் கொண்ட முயற்சி

இந்நிலையில்தான் 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவை ஊர்களில் 'தகவல் கிராமம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பொருளுதவி அளித்தது. வில்லியனூர் நடுமையமாயிற்று. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் எழுந்தன. 1954இல் வாக்கெடுப்பைக் கண்ட அதே கீழூர், அரைநூற்றாண்டு நிறைவதற்குள் கணிப்பொறியையும் கண்டது.

இம்முயற்சியின் சிறப்பு கணிப்பொறியில் இல்லை. அதற்கு முன்வைத்த நிபந்தனைகளில் உள்ளது. இடத்தை ஊரே தரவேண்டும். மையத்தை நடத்துவோர் அவ்வூராராகவே இருக்க வேண்டும்; மகளிர்க்கு அதில் முதன்மை வேண்டும். சாதி வேறுபாடின்றி எவரும் உள்ளே வரலாம் என்பதை ஊர் ஏற்க வேண்டும். தொலைபேசிக் கம்பிகள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் ஊர்களுக்கிடையே கம்பியில்லாக் கருவிகள் பொருத்தப்பட்டன. மின்தடையை எதிர்கொள்ளச் சூரிய ஒளி மின்னாற்றல் துணையாயிற்று. பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்ற பெண்கள், ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகையில் தமிழ் எழுதப் பயின்றனர்.

அம்மையங்களில் மக்கள் முதலில் தேடியவை எவை? உலகச் செய்திகள் அல்ல. நெல் விலை, விதை கிடைக்குமிடம், கால்நடை மருத்துவம், மருத்துவர் வரும் நாள், பேருந்து நேரம், தேர்வு முடிவுகள் ஆகியன. அரசின் நலத்திட்டங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை தமிழில் தொகுக்கப்பட்டன. வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பட்டியலும் ஊரில் இருந்தவாறே பார்க்கக் கிடைத்தது. இப்பட்டியலின் அருமையை உணர்தல் வேண்டும். தம் பெயர் பட்டியலில் உள்ளதா என அறிய ஒரு நாள் கூலியை இழந்து நகரத்திற்குச் சென்று, அலுவலர் இல்லை என்று கேட்டுத் திரும்பிய ஏழைக்கு, அப்பெயர் தன் ஊரிலேயே தன் கண்முன் தெரிவது பெரும் மாற்றம். பட்டியல் அலமாரிக்குள் இருக்கும் வரை அது அலுவலரின் தயவு. வெளியே வந்தவுடன் அது குடிமகனின் உரிமை.

எம்பலத்து மையம் கோயிற் கட்டடத்தின் ஒரு பகுதியில் அமைந்தது. அக்கட்டடத்திற்கு வாயில்கள் இரண்டு. வழிபாட்டிற்குரிய வாயிலில் ஒடுக்கப்பட்டோர்க்கும் தீட்டுக் காலத்து மகளிர்க்கும் 2000ஆம் ஆண்டிலும் தடை இருந்தது. மையத்திற்குரிய மற்றொரு வாயிலில் எவர்க்கும் தடையில்லை. பாகூர்ச் செப்பேட்டுக் காலத்தில் எழுந்த வினாவை இவ்விரு வாயில்களும் மீண்டும் நினைவூட்டுகின்றன. ஊர்ப்பொது இடம் எனப்படும் இடம் யாருக்குப் பொது? செய்தி ஊரை அடைந்தால் போதாது. சேரியையும் அடைதல் வேண்டும். இதனை விருப்பத்திற்கு விடாமல் நிபந்தனையாகவே வைத்தமை இம்முயற்சியின் தனிச்சிறப்பு.

வீராம்பட்டினமும் நல்லவாடும்

வீராம்பட்டினம் புதுவையின் பெரிய மீனவர் ஊர். அவ்வூர்ச் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கமாய் இருந்தது. விடுதலைக்குப் பின் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்து வந்தனர். அரசு ஆண்டிற்கொரு முறை ஊருக்கு வந்து வடம் பிடிப்பது அழகிய மரபே. ஆனால் கடலில் நாளும் இறங்குவோர்க்கு நாளும் வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாளைய அலை எவ்வளவு உயரம் என்பதே அது.

அறிவு மையத்தார் அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து வங்கக் கடலின் அலையுயர முன்கணிப்பைப் பெற்றுத் தமிழாக்கி, ஒலிபெருக்கி வழியே ஊருக்கு அறிவித்தனர். படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும், வலை பழுதுபார்ப்பவரும் மீன் விற்று மீளும் பெண்களும் ஒருங்கே கேட்டனர். பழைய தமுக்கின் மறுபிறப்பே இது எனலாம். தமுக்கு அரசு சொல்ல விரும்பியதைச் சொன்னது; இவ்வொலிபெருக்கி ஊர் கேட்க விரும்பியதைச் சொன்னது. வேறுபாடு அவ்வளவே; ஆனால் அதுவே பெரிது.

அதன் பயன் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வெளிப்பட்டது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கி அமைப்பின் வழியே அனைவரையும் கரையைவிட்டு அகலுமாறு கூவினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தால் சில உண்மைகள் புலனாகும். எச்சரிக்கை அரசு அலுவலகத்திலிருந்து வரவில்லை. இந்தியாவில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்தில் அமைந்தது. செய்தியை அனுப்பியவர் ஊர்மகன், கேட்டவர் உறவினர், ஒலித்தவர் ஊரார். ஒலிபெருக்கியின் குரலை ஊர் உடனே நம்பியதற்குக் காரணம், அது அதற்கு முன் நாள்தோறும் உண்மை பேசிய குரல் என்பதே. நெருக்கடி நாளில் திடீரெனத் தோன்றும் குரலை மக்கள் நம்பத் தயங்குவர். நம்பிக்கை என்பது அலையுயரம், பேருந்து நேரம் போன்ற சிறு செய்திகளால் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வது.

பிள்ளைச்சாவடியின் இன்றைய வினா

இனிப் பிள்ளைச்சாவடிக்கு வருவோம். புதுவை ஆட்சிப்பரப்பு ஒரே நிலத்தொடர்ச்சியாக இல்லை. தமிழக ஊர்களுக்கிடையே சிதறிக் கிடப்பது. நகரிலிருந்து வடக்கே கடற்கரை வழியே காலாப்பட்டுப் பகுதிக்குச் செல்வோர் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்னும் தமிழக ஊர்களைக் கடந்தே செல்ல வேண்டும். மக்களுக்குக் கடல் ஒன்று, தொழில் ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. அரசுகளோ இரண்டு.

1986–1989 ஆண்டுகளில் புதுவைத் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயற்கை. சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றாலும், அதற்கு வடக்கே உள்ள கரைக்கு அது நகர்ந்தது. இவ்வாறு அரிப்பு ஊர் ஊராக வடக்கே சென்று பிள்ளைச்சாவடியையும் எட்டியது. மீனவர் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடமின்றி, வீடுகளையும் கடலுக்கு இழந்தனர். ஓர் அரசின் எல்லைக்குள் கொட்டும் கல் மற்றோர் அரசின் எல்லைக்குள் கரையைக் கரைக்கும் என்பதைக் கடல் அறியும். கோப்புகள் பிரிந்தே கிடக்கும்.

இவ்வூரில்தான் 1980களில் பொறியியற் கல்லூரி ஒன்று எழுந்தது. 2020இல் அது புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயிற்று. கடலியலும் கட்டுமானவியலும் கணினியியலும் அறிந்தோர் நடந்து செல்லும் தொலைவில் உள்ளனர். ஆயினும் கரை ஏன் கரைகிறது, அதற்கெனத் தீட்டிய திட்டம் யாது, அடுத்த மழைக்காலத்திற்குள் எவ்வளவு நடைபெறும், யாரைக் கேட்பது என்பனவற்றுக்கு விடை ஆங்கில அறிக்கைகளுக்குள் அடங்கியிருந்தால், அது மீனவர்க்குப் பிரெஞ்சுப் பதிவேட்டினும் அண்மையது ஆகாது. செய்தி எட்டாத இடத்தில் மக்கள் சாலையை மறித்தே அரசை அழைக்க வேண்டியவராகின்றனர்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி காட்டியுள்ளது. அரசு அலுவலகங்கள், எவரும் கேட்பதற்கு முன்னரே, தம் செயல்கள் பற்றிய செய்திகளைத் தாமாக வெளியிட வேண்டும் என்றும், வெளியிடுகையில் வட்டார மொழியைக் கருத வேண்டும் என்றும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், இணையம் ஆகியவற்றோடு பொது அறிவிப்பையும் அது ஒரு வழியாக ஏற்கிறது. தமுக்கையும் ஒலிபெருக்கியையும் சட்டமே ஏற்றுள்ளது என்பது பொருள்.

2006இல் நடுவணரசு நாடெங்கும் நூறாயிரம் பொதுச் சேவை மையங்களை அமைக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. சான்றிதழும் உதவித்தொகையும் குடும்ப அட்டையும் இணையவழி ஏறின. நன்மைகள் பல விளைந்தன, மறுப்பதற்கில்லை. எனினும் படிவத்தை நிரப்பத் தெரியாதவர் மீண்டும் ஓர் இடையாளரை நாடுகின்றார். கைபேசிக்கு வந்த எண்ணைப் பிறரிடம் காட்டிப் படிக்கச் சொல்கின்றார். வலையிழுத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காதபோது தாம் தாமே என்று மெய்ப்பிக்க வழியின்றி நிற்கின்றார். துபாசி மறைந்துவிடவில்லை, கணினிக்குப் பின்னே அமர்ந்துள்ளார். அவர் நல்லவராயின் நன்மை. அல்லராயின் கேட்க வழியில்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் அரசுக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு கல்தொலைவு மட்டும் அன்று என்பது தெளிவாகும். அது மொழியின் தொலைவு. வாயிலில் நிற்பவர் யார் என்பதன் தொலைவு. கேட்ட வினாவுக்கு விடை வரும் வழியின் தொலைவு. பாகூர்ச் செப்பேடு முதல் தொலைவைக் கடந்தது. எம்பலத்தின் இரண்டாம் வாயில் அடுத்ததைக் கடந்தது. மூன்றாவதைக் கடக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊருக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட உள்ளாட்சி வேண்டும். 2006இல் அமைந்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் அவ்வாய்ப்பு மீண்டும் நழுவியது. தொண்டு நிறுவனம் வழிகாட்டலாம். வழியாகவே நிலைத்திருக்க அதனால் இயலாது.

கருவிகள் மாறும். தமுக்குப் போய் ஒலிபெருக்கி வந்தது. ஒலிபெருக்கி இருக்கக் கைபேசி வந்தது. மாறாதது ஒன்றே. தமக்கு உரியதைத் தம் மொழியில், தம் ஊரில், தம்மைப் போன்ற ஒருவர் வாயிலாகக் கேட்டறிந்து, எதிர்வினாவும் எழுப்பக்கூடிய ஓரிடம் மக்களுக்கு வேண்டும். முன்னோர் அதற்குச் சாவடி என்று பெயரிட்டனர். கடற்கரையூர் ஒன்று அச்சொல்லைத் தன் பெயரில் இன்றும் தாங்கி நிற்கின்றது. பெயருக்கேற்ற பொருளை அவ்வூருக்கு மீட்டுத் தருவது ஆள்வோர் கடமை. கற்றோர் கடமையும் ஆகும்.